நீளக்கைச் சேட்டும் தேசிக்காயும்

பழைய தாருக்கு ஒரு நாற்றம் இருக்கிறது. புதுத் தார் காய்ச்சும்போது வருகிற மணம் பிடிக்கும் என்றுகூடச் சில பேர் சொல்வார்கள்; அவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். இருபது வருடம் மழையிலும் பனியிலும் கிடந்து ஊறிய தாரைக் கோடரியால் கொத்திக் கிளப்பும்போது வருவது வேறு. அது மூக்கோடு நிற்காது. தொண்டைக்குள் இறங்கி, சோற்றில் ஏறி, இரவு தலையணையில் கூடப் படுத்து, காலையில் தேத்தண்ணீரிலும் வந்து நிற்கும். தங்கத்துரைக்கு அதை நினைத்தாலே ஓங்காளம் வரும். ஆனால் 1987ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் ஒரு பண்டகசாலையின் தட்டைக் கூரையில் நின்று, நாளுக்குப் பத்து மணித்தியாலம் அவர் அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூரையில் பழைய தாரைக் கொத்திய ஒன்பது பேரில் தமிழர் இருவர். தங்கத்துரை திருகோணமலைக்காரர், நாற்பத்தொரு வயது. மற்றவர் பாக்கியராசா, மட்டக்களப்புப் பக்கம், ஆறு வயது இளையவர். மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர். தங்கத்துரைக்கு ஆங்கிலம் நன்றாக வரும். பாக்கியராசாவுக்கு யெஸ், நோ, ஓகே மூன்றும்தான் வரும், அந்த மூன்றிலும் எதை எங்கே வைப்பது என்பது சந்தேகம். அதனால் கூரையில் அவருடைய காதும் வாயும் தங்கத்துரைதான்.

ஊரில் தங்கத்துரை பதினான்கு வருடம் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே வெளியில் ஒரு கண்ணாடிக் குண்டு வைத்திருந்தார்கள். குண்டுக்குப் பின்னால் ஒரு மட்டை. வெயில் குண்டுக்குள்ளால் புகுந்து மட்டையில் கறுப்புக் கோடாக எரித்துக்கொண்டே போகும். பொழுது பட்டதும் மட்டையைக் கழற்றி, எரிந்த நீளத்தை அளந்து எழுதுவது அவர் வேலை. வெயிலோடு அப்படிப் பழகியவருக்குச் சில சங்கதிகள் தெரியும். சூடு வேறு, எரிப்பு வேறு. குளிர்காற்று வீசுகிற நாளிலும் தோல் எரியும். மட்டையில் கோடே விழாத மெல்லிய முகில் நாளிலும் எரியும். எவ்வளவு எரிக்கும் என்று அறிய வானத்தை அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை, காலடியைப் பார்த்தால் போதும். நிழல் ஆளைவிட நீளமாக இருந்தால் பெரிய பயமில்லை. ஆளைவிடக் கட்டையாகிவிட்டால் தோலை மூடிவிட வேண்டும்.

கனடாவில் இதற்குள் இன்னொரு கூத்து. கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுகிறார்கள். அதனால் ரொறன்ரோவில் உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. ஒன்றேகாலும் தாண்டித்தான் வருகிறது. கூரையில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கோடரியைத் திரும்பத் தூக்குகிற நேரம் அது.

இதெல்லாம் தெரிந்தபடியால் தங்கத்துரை முதல் நாளிலிருந்தே நீளக்கைச் சேட்டோடுதான் கூரைக்கு ஏறுவார். மணிக்கட்டுத் தெறி பூட்டியிருக்கும். தொப்பிக்குக் கீழே துவாய் ஒன்று பிடரியை மூடித் தொங்கும். கையுறையைக் கழற்றமாட்டார். பாக்கியராசா அரைக்கைப் பெனியனோடு நிற்பார், தொப்பியும் இல்லை.

முதல் கிழமையில் தங்கத்துரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"நீர் கையை மூடும் பாக்கியராசா. வெயில் சுடேல்லை எண்டு நினையாதையும், உது எரிக்கிற வெயில்."

பாக்கியராசா சிரித்தார். "ஊரிலை நான் வயல் வெட்டினனான் அண்ணை. இது ஒரு வெயிலே? ஃபிறிட்ஜுக்குள்ளை லைற் எரியிற மாதிரி ஒரு வெயில்."

சொன்ன விதம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தங்கத்துரைக்குப் பொறுக்கவில்லை. பதினான்கு வருடம் வெயிலை அளந்தவனுக்கு வயல் வெட்டினவன் பாடம் எடுப்பதா? சொல்லிக் கேளாதவன் பட்டுத் தெளியட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். தெரிந்தவர்கள் கோபித்துக்கொண்டு வாயை மூடினால் தெரியாதவர்கள்தான் அனுபவிக்க வேண்டும். இந்த நியாயம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

இரண்டாம் கிழமை திங்கட்கிழமை ஃபோர்மன் ரோனி ஒரு பெட்டியோடு ஏணியில் ஏறி வந்தான். கம்பனி ஒஃபிசிலிருந்து அனுப்பியிருந்தார்கள்: வெயிலுக்குப் பூசுகிற வெள்ளைக் கிறீம், ஆளுக்கொரு நீளக்கைச் சேட். வெள்ளைக்காரர் ஏழு பேருக்கும் கொடுத்துவிட்டு இவர்கள் இருவரிடமும் வந்தான். பெட்டிக்குள் இன்னும் இருந்தது. ரோனி ஒரு கண்ணைச் சிமிட்டி, "உங்கள் இரண்டு பேருக்கும் இது தேவைப்படாது, என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

ஓம், தேவை, இரண்டு பேருக்கும் தா என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? தங்கத்துரை அதைச் சொல்லவில்லை. "வேண்டாம், வேண்டாம். நாங்கள் சூரியனிலேயே பிறந்தவர்கள்" என்றார்.

ரோனி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். தங்கத்துரையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அந்தக் கூரையில் அதுவரை அவரோடு சேர்ந்து எவரும் சிரித்ததில்லை. அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. என்ன ஏது என்று தெரியாமல் பாக்கியராசாவும் சிரித்தார்.

"என்னவாம் அண்ணை?"

"ஒண்டுமில்லை. பகிடி விடுறான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருவருடையது, கெட்டது இன்னொருவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கூரையில் தண்ணீர்க் குழாய் கிடையாது. குடிக்க ஒரு பெரிய செம்மஞ்சள் சாடி இருக்கும். அதில் கை கழுவினால் ரோனி கத்துவான். வெள்ளைக்காரருக்கு அது ஒரு பொருட்டில்லை. சான்ட்விச் பாணைக் கடதாசியோடு பிடித்துக் கடித்துவிட்டுப் போவார்கள். இவர்கள் இருவரும் கொண்டுபோவது சோற்றுப் பார்சல். சோற்றைக் கையால் பிசைய வேண்டும். காலையிலிருந்து தார்த் தூளுக்குள் கிடந்த கையைச் சோற்றுக்குள் வைத்தால் முதல் வாயிலேயே குடல் மேலே வரும். பாக்கியராசா கரண்டியால் சாப்பிடமாட்டார். கரண்டியால் சாப்பிட்டால் சாப்பிட்ட மாதிரி இல்லை என்பார். இரண்டு கிழமையாகப் பாதிச் சோற்றை எறிந்துவிட்டுப் பசியோடு கோடரி பிடித்தார், ஆள் மெலிந்தே போனார்.

தங்கத்துரைக்குத்தான் யோசனை வந்தது. மீன் வெட்டின கையின் வெடுக்கு நாற்றத்தைத் தேசிக்காயின் புளிச்சாறு எடுக்கும். தாரை எடுக்காதா? அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு டசின் தேசிக்காய் வாங்கினார். திங்கள் மத்தியானம் கூரையில் ஒன்றை வெட்டி ஆளுக்குப் பாதி. அவர் உள்ளங்கையில் மட்டும் தேய்த்தார், துணியில் துடைத்தார், சாப்பிட்டார், கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

பாக்கியராசாவுக்கு அது போதவில்லை. கையில் தேய்த்தார், முழங்கை வரை தேய்த்தார், பிடரியில் பிழிந்து விரல்களால் வழித்தார். சாறு முழங்கையால் சொட்டச் சொட்ட, "ஐயோ அண்ணை, குளிருது! மணமே இல்லை!" என்று பார்சல் முழுவதையும் வழித்துச் சாப்பிட்டார். சாறு தோலிலேயே காய்ந்தது. தங்கத்துரைக்கும் பெருமைதான். ஒரு மணிக்கு இருவரும் வெயிலுக்குள் இறங்கினார்கள். பாக்கியராசாவின் நிழல் அவருடைய சப்பாத்தைச் சுற்றிச் சின்னதாகக் கிடந்தது. தங்கத்துரை அதைப் பார்த்தார். திங்களும் பார்த்தார், செவ்வாயும் பார்த்தார், புதனும் பார்த்தார்.

இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வியாழன் காலையில் பாக்கியராசா எழும்பி வந்தபோது தங்கத்துரை தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு முன்னங்கைகளிலும் கொப்புளங்கள். கொப்புளம் என்றால் ஒன்று இரண்டு இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒன்றோடொன்று சேர்ந்து, மஞ்சள் நீர் கோத்து, தொட்டால் ஆடுகிற பைகளாகத் தொங்கின. புறங்கை முழுக்கக் கருநீலம். பிடரியில் விரல் விரலாகச் சிவந்த கோடுகள். ஒரு கொப்புளம் இரவே உடைந்து பாயில் ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு புளித்த மணம் வந்தது. உடம்பெல்லாம் எரிகிற மனிதன் முன்னால் நிற்க, அவர் முதலில் செய்த காரியம் குளியலறைக்குப் போய்த் தன்னுடைய சவர்க்காரத்தை எடுத்து ஒளித்து வைத்ததுதான்.

அவர்கள் இருந்தது ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடம் ஒன்றின் பதினேழாம் மாடி. வீடு கனகசிங்கத்தின் பெயரில். ஐம்பது வயது, ரெஸ்ரோறன்ற் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவுகிறவர். நாள் முழுக்க மற்றவனின் எச்சிலுக்குள் கை வைத்தபடியாலோ என்னவோ, வீட்டில் அவருக்குச் சுத்தம் என்றால் உயிர். அவர் வந்து பார்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"உதென்ன கோதாரி? குட்டமோ?"

"தெரியேல்லை அண்ணை. எரியுது" என்றார் பாக்கியராசா.

"எரியுமடாப்பா, எரியும். கண்ட கண்ட இடத்துக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தால் எரியாமல் என்ன செய்யும்?"

"நான் ஓரிடமும் போகேல்லை அண்ணை. வேலையும் வீடும்தான். தங்கத்துரை அண்ணையைக் கேளுங்கோ."

கனகசிங்கம் தங்கத்துரையைப் பார்த்தார். தங்கத்துரை யன்னலைப் பார்த்தார். போகவில்லை, எனக்குத் தெரியும், என்னோடுதான் போய் என்னோடுதான் வருகிறவர் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த நேரம் அவர் மனதில் இருந்தது ஒன்றுதான்: அந்தக் கையோடு பக்கத்தில் படுக்க முடியாது.

"இவர் பெல்கனியிலை படுக்கட்டும். கோப்பையும் வேறை" என்று கனகசிங்கம் தீர்ப்புச் சொன்னார். பாயையும் தலையணையையும் பெல்கனிக்குக் கொண்டுபோனது தங்கத்துரை. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார். செத்த எலியைப் பிடிப்பதும் அப்படித்தான்.

பெல்கனியில் பாக்கியராசா மெதுவாகச் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை எனக்கு இமிக்கிரேசன் மெடிக்கல் அண்ணை. இந்தக் கையைக் கண்டால் நோய்காரன் எண்டு எழுதிப்போடுவாங்கள். எழுதினால் அவளையும் பிள்ளையையும் எப்பிடிக் கூப்பிடுறது? எட்டு மாதமாய்ப் பாத்துக்கொண்டிருந்த திகதி."

உள்ளேயிருந்து கனகசிங்கம், "எழுதத்தான் வேணும்!" என்றார். மனிதர் நாக்கைக் கழுவ ஒரு சவர்க்காரமும் கண்டுபிடிக்கவில்லையே.

வியாழனும் வெள்ளியும் பாக்கியராசா வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் தங்கத்துரை அவரைக் கொலிஜ் தெருப் பக்கம் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நோய் என்ன, தனக்கும் தொற்றியிருக்குமா என்று அறியாமல் அவருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில் பாக்கியராசா கைகளைத் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தார். தங்கத்துரை இடையில் ஒரு இருக்கையை வெறுமையாக விட்டு அடுத்ததில் உட்கார்ந்தார். பாக்கியராசா அந்த வெறும் இருக்கையைப் பார்த்துவிட்டு, பிறகு தெருவைப் பார்த்தார்.

டொக்டர் ஒரு வயதான பெண். தடித்த கண்ணாடி. துவாயை அவிழ்த்ததும் முகத்தைச் சுளிக்கவில்லை. வெறும் கையாலேயே பாக்கியராசாவின் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். தங்கத்துரைக்கு அதைப் பார்க்கவே கூசியது.

என்ன வேலை, கைகளில் என்ன பூசினார் என்று டொக்டர் கேட்டார். முழங்கையால் வடிந்த கோடுகளை விரலால் காட்டினார். ஏதோ ஊற்றினதுபோல் அல்லவா இருக்கிறது?

"கையிலை என்ன பூசினனீர் எண்டு கேக்கிறா."

"வேறை என்ன அண்ணை, தேசிக்காய்தானே."

தங்கத்துரை அதை மொழிபெயர்த்ததும் டொக்டர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். அதுதான், என்றார். தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்க அதன்மேல் வெயில் பட்டால் தோல் இப்படித்தான் வேகும். கோடையில் வெளியில் நின்று தேசிக்காய் பிழிந்து குடிவகை கலக்கிற பெடியன்கள் இப்படி வருவார்கள். தார்த் தூளும் வெயிலோடு சேர்ந்து இதே வேலையைச் செய்யும். இவருக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது. இது நோயில்லை, எரிகாயம். ஒருவருக்கும் தொற்றாது. ஆறினபிறகு சில மாதம் கறுத்துக் கிடக்கும், பிறகு தானாக மங்கும். செவ்வாய்க்கிழமை மெடிக்கல் என்றால், அதற்குக் கொண்டுபோக ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்.

தங்கத்துரை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார். பாக்கியராசா இருந்த இடத்திலேயே அழுதார்.

"தொத்தாது எண்டு வடிவாய்ச் சொன்னவவோ அண்ணை? கடிதத்திலையும் அதை எழுதுவாவோ?"

"எழுதுவா."

டொக்டர் மருந்து பூசிக் கட்டுப் போட்டுக்கொண்டே இன்னொன்று கேட்டார். கூரையில் வேலை செய்கிறவர்களுக்கு நீளக்கைச் சேட்டும் கிறீமும் கம்பனி கொடுப்பதில்லையா? கை மூடியிருந்தால் தேசிக்காய் பூசியிருந்தாலும் இவ்வளவு வந்திராதே?

தங்கத்துரை தன் மணிக்கட்டுத் தெறியை இழுத்துப் பார்த்தார்.

"என்னவாம் அண்ணை?"

"ஒண்டுமில்லை. சும்மா கேக்கிறா."

டொக்டர் இவரைக் கூர்ந்து பார்த்தார். நீங்களும் அதே கூரைதானா? ஓம். நீங்களும் தேசிக்காய் பூசினீர்களா? ஓம். அப்படியென்றால் உங்கள் கையையும் காட்டுங்கள்.

தேவையில்லை என்று தங்கத்துரை இரண்டு தடவை சொன்னார். டொக்டர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் அவர் மணிக்கட்டுத் தெறியைக் கழற்றிச் சேட்டை முழங்கைக்கு மேல் சுருட்டினார். ஒரு கீறல் இல்லை. கலியாண வீட்டுக்குப் போகிற கைபோலச் சுத்தமாக இருந்தது. டொக்டர் அதைப் பிடித்து, கட்டுப் போட்டு முடியாத பாக்கியராசாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு தங்கத்துரையின் சேட்டை விரலால் தொட்டு ஏதோ சொன்னார்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பாக்கியராசா இரண்டு கைகளையும் பார்த்தார். மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணை, அண்டைக்கு ரோனி பெட்டியோடை வந்து உங்களிட்டை என்ன கேட்டவன்?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய்யைப் பிடிக்கப் பாக்கியராசாவிடம் ஆங்கிலம் இல்லை. ஆனால் அந்தச் சுத்தமான கை மேசையில் கிடந்தது. தங்கத்துரைக்கு அதைப் பார்க்க, வியாழக்கிழமை காலையில் வராத அளவு அருவருப்பு வந்தது.

"கிறீமும் நீளக்கைச் சேட்டும் வேணுமோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாம் எண்டு."

"எனக்குமோ?"

"ஓம்."

பாக்கியராசா தலையை ஆட்டினார். "எல்லாரும் சிரிச்சவங்கள். நானும் சிரிச்சனான், என்ன?" என்றார். கட்டு முடிந்ததும் கடிதத்தை விரல் நுனியால் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

திரும்பி வருகிற ஸ்ரீற்காரில் கூட்டம் இல்லை. பாக்கியராசா யன்னலோரமாக உட்கார்ந்தார். தங்கத்துரை இந்தத் தடவை இடம் விடவில்லை. பக்கத்து இருக்கையிலேயே, தோளோடு தோள் முட்ட வந்து உட்கார்ந்தார். கனகசிங்கத்திடம் தானே எல்லாம் சொல்வதாகவும், பாயை இன்றைக்கே உள்ளே போடுவதாகவும், திங்கட்கிழமை ரோனியிடம் சேட்டும் கிறீமும் கேட்டு வாங்குவதாகவும் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாக்கியராசா எழும்பினார். கட்டுப் போட்ட கைகளால் கம்பியைப் பிடிக்க முடியாது. தோளைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றார். ஸ்ரீற்காருக்குள் பாதிக்கு மேல் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. பார்லமென்ற் தெரு வரும்வரை அவர் உட்காரவில்லை.